ஓட்டை வானத்தில் இருந்தது

கூடாரத்தை விற்ற கடைக்காரருக்கு அன்று விடியற்காலையில் நிறைய வசவு விழுந்தது. அவர் பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை என்பது தெரிய எங்களுக்கு இன்னொரு ராத்திரி தேவைப்பட்டது.

பொங்கலுக்கு ஜெயமங்கலம் போயிருந்தோம். ஏரிக்கரையில் கட்டில், மெத்தை, விளக்கு எல்லாம் போட்ட சொகுசுக் கூடாரத்தில் தங்கவைக்கும் ‘கிளாம்பிங்’ விளம்பரங்களைக் கைபேசியில் பார்த்துப் பார்த்து, சென்னையிலிருந்து வந்த தங்கை பிள்ளைகளுக்கு அந்த ஆசை முற்றியிருந்தது. மேகமலைக் காட்டுக்குள் நினைத்த இடத்தில் போய்ப் படுத்துவிட முடியாது. 2021 முதல் அது ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். எங்களுக்கு வாய்த்தது கண்மாய்க்கரை. சொந்தக்காரர் வயல், அதன் ஓரத்தில் மாந்தோப்பு, எதிரே ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைந்த கண்மாய், வடக்கே சுவர் வைத்ததுபோல் கொடைக்கானல் மலை. தண்ணீரை ஒட்டின புல்தரையில், நட்சத்திரம் பார்க்கத் தோதாகத் தலைக்குமேல் ஒரு கிளைகூட இல்லாத இடமாகப் பார்த்துக் கூடாரம் அடித்தோம். குளிருமே என்று ஜிப்பை எல்லாம் இழுத்து மூடிவிட்டு, பெரியவர் இருவரும் பிள்ளைகள் இருவருமாகப் படுத்தோம்.

நான்கு மணிக்கு மூத்தவன் எழுந்தான். கை கூரையில் இடித்ததும் பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. உள்பக்கம் ஈரம், வெளிப்பக்கம் அதைவிட ஈரம். வானமோ துடைத்துவைத்த மாதிரி இருந்தது. “மாமா, கூடாரம் ஒழுகுது” என்றான். ஒழுகுவதற்கு மழை பெய்திருக்க வேண்டுமே!

விடிந்ததும் காப்பித்தூக்கோடு வந்த அப்பத்தா ஒரு பார்வை பார்த்தார். “பனி எறங்குனா நனையாம என்னடா செய்யும்? அதுக்குத்தான் மரத்தடியில படுங்கன்னேன்.”

அப்பத்தா சொன்னது இரண்டு வாக்கியம். முதலாவது தப்பு. இரண்டாவது நூற்றுக்கு நூறு சரி. தப்பான காரணத்திலிருந்து சரியான யோசனை எப்படி வந்தது என்று யோசிக்கப் போய்த்தான் எனக்கு இவ்வளவும் பிடிபட்டது.

தமிழில் பனி இறங்கும், பெய்யும், கொட்டும். ‘தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்’ என்று பழமொழியும் மேலிருந்து கீழே துளைக்கிற வேலையைத்தான் அதற்குக் கொடுக்கிறது. ஆனால் பனித்துளி எங்கிருந்தும் விழுவதில்லை. மதுரையில் ஜிகர்தண்டா வாங்கிக் கையில் பிடித்தவர்களுக்குத் தெரியும்: கொஞ்ச நேரத்தில் கண்ணாடி டம்ளரின் வெளிப்புறம் வியர்த்துக் கையை நனைக்கும். டம்ளர் ஒழுகுகிறது என்று யாரும் சண்டைக்குப் போவதில்லை. சுற்றியுள்ள காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த நீராவி, சில்லிட்ட கண்ணாடியைத் தொட்டதும் துளியாகிவிடுகிறது.

காற்றில் எவ்வளவு நீராவி இருக்க முடியும் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. வீட்டிலுள்ள இரும்பு பீரோ ஒன்றைக் காலி செய்தால் உள்ளே ஏறத்தாழ ஒரு கன மீட்டர் இடம் இருக்கும். முப்பது டிகிரி செல்சியஸில் அந்த பீரோவுக்குள் சுமார் 30 கிராம் நீராவி இருக்கலாம். இருபது டிகிரிக்குக் குளிர்ந்தால் வரம்பு சுமார் 17 கிராமுக்கு இறங்கிவிடும். பகல் முழுக்கக் கண்மாயும் வயலும் ஈரத்தைக் காற்றில் ஏற்றிக்கொண்டே இருக்கின்றன. இரவில் குளிரக் குளிர வரம்பு சுருங்குகிறது. உள்ளே இருக்கும் நீராவியும் வரம்பும் சமமாகிற அந்த வெப்பநிலைக்குப் பனிப்புள்ளி என்று பெயர். எந்தப் பொருள் அதற்குக் கீழே குளிர்ந்தாலும், அதன்மேல் பனி கட்டும். நல்ல பனி இரவில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டம்ளர் தண்ணீர்வரைகூடத் தேறும்.

இங்கேதான் உண்மையான புதிர் தொடங்குகிறது. ஜிகர்தண்டாவில் ஐஸ் இருக்கிறது. எங்கள் கூடாரத்துணியில் யார் ஐஸ் வைத்தார்கள்? சுற்றியுள்ள காற்றைவிடத் துணி எப்படி அதிகமாகக் குளிர்ந்தது?

தோசைக்கல்லுக்குப் பக்கவாட்டில் உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள். தொடாமலே சூடு தெரியும். சூடான காற்று மேலேதான் போகும். பக்கவாட்டில் உறைப்பது கல்லிலிருந்து கிளம்பும் அகச்சிவப்புக் கதிர். கண்ணுக்குத் தெரியாத ஒரு வகை ஒளி அது. தோசைக்கல் மட்டுமில்லை, நீங்கள், நான், புல், கூடாரத்துணி, அடைமழையில் நிற்கும் எருமை என எல்லாமே அவரவர் சூட்டுக்கேற்ப இந்தக் கதிரை ஓயாமல் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. எதிரே இருப்பவர் கொடுப்பதை வாங்கிக்கொண்டும் இருக்கின்றன. கல்யாண வீட்டு மொய் மாதிரி. மாமரத்தடியில் இருக்கிற கூடாரம் மரத்துக்கு மொய் எழுதுகிறது. கிட்டத்தட்ட அதே சூட்டில் இருக்கும் மரமும் ஏறக்குறைய அதே தொகையைத் திருப்பி எழுதுகிறது. கணக்கு சரியாகிவிடும். வெட்டவெளியில் இருக்கும் கூடாரம் வானத்துக்கு எழுதுகிறது. வானம் வாங்கிய அளவுக்குத் திருப்பித் தராத உறவு.

காற்றிலுள்ள நீராவியும் கரியமில வாயுவும் கொஞ்சம் திருப்பித் தரத்தான் செய்கின்றன. ஆனால் அகச்சிவப்பின் ஒரு பகுதியை அவை பிடிப்பதே இல்லை. ஓட்டுக்கூரையில் ஓர் ஓடு நகர்ந்துகிடப்பது போல அங்கே ஒரு சந்து. தரைக்குத் திரும்பி வராத வெப்பத்தில் பெரும்பங்கு வெளியேறுவது அந்தச் சந்து வழியாக, நேரே விண்வெளிக்கு. மேகம் வந்தால் சந்து அடைபடும். அதனால்தான் மூட்டமான இரவில் பனி இருப்பதில்லை. கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே துப்பாக்கி மாதிரி வெப்பமானி, அதன் பட்டறை வகை ஒன்று கிடைத்தால் தெளிந்த இரவில் வானத்தை நோக்கி நீட்டிப் பாருங்கள். தரையைக் காட்டினால் இருபதுக்குப் பக்கம் காட்டும் கருவி, உச்சியைக் காட்டினால் அதைவிட வெகு கீழே போகும். காற்று உலர்ந்த இரவுகளில் பூஜ்ஜியத்துக்கும் கீழே. கூடாரத்துக்கு மேலே இருந்த ஐஸ் அதுதான். இப்படிக் குளிர்வதைக் கதிர்வீச்சுக் குளிர்வு என்கிறார்கள்.

ஆக, தண்ணீர் பக்கத்துக் காற்றிலிருந்து வந்தது. குளிர்ச்சிக்கு மட்டும் வானம் பொறுப்பு. அப்பத்தாவுக்குத் தண்ணீரின் முகவரி பிசகியதே தவிர, குற்றவாளி எந்தத் திசையில் இருக்கிறான் என்பது பிசகவில்லை.

இதையெல்லாம் கருவிகள் பெருத்த காலத்தில் கண்டுபிடித்திருப்பார்கள் என்று நினைத்தால் அது தப்பு. லண்டனில் மருத்துவம் பார்த்துவந்த வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்பவர் 1814இல் பனித்துளியைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அவருடைய ஆய்வுக்கூடம் நண்பர் ஒருவரின் தோட்டம். கருவிகள்: ஒரு வெப்பமானி, ஒரு தராசு, ஆட்டு ரோமம். ஒரே எடையுள்ள ரோமக் கற்றைகளை ராத்திரியில் அங்கங்கே வைத்து, காலையில் எடை கூடியதைப் பார்ப்பார். ஒரு பலகையைக் கால் கொடுத்து நிறுத்தி, மேலே ஒரு கற்றை, பலகைக்கு அடியில் இன்னொரு கற்றை வைத்தார். மேலே இருந்தது 14 கிரெயின் எடை கூடியது; அடியில் இருந்தது 4 கிரெயின் மட்டுமே. ஒரு கிரெயின் என்பது கிட்டத்தட்ட அரைக் குன்றிமணி எடை. பனி மழைபோல விழுவதாக இருந்தால் அடியில் இருந்த கற்றைக்கு அந்த நான்கும் எப்படி வந்திருக்கும்? தரையிலிருந்து ஆவியாக எழுவது மட்டும்தான் என்றால் மேலே உள்ளது ஏன் அதிகம் நனைந்தது? வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது குளிர்கிறது, குளிர்ந்தது நனைகிறது என்ற ஒரே விளக்கத்துக்குத்தான் இரண்டு விடையும் பொருந்தியது.

வெல்ஸ் செய்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது கைக்குட்டைச் சோதனை. மெல்லிய கைக்குட்டை ஒன்றைப் புல்லுக்குச் சில அங்குலம் மேலே இழுத்துக் கட்டினார். அதன் அடியிலிருந்த புல், வெட்டவெளிப் புல்லைவிடச் சூடாக இருந்தது. துணி புல்லைத் தொடவில்லை, காற்றையும் தடுக்கவில்லை. புல்லுக்கும் வானத்துக்கும் நடுவே நின்றது, அவ்வளவுதான். தோட்டக்காரர்கள் இளஞ்செடிகளுக்கு மெல்லிய பாயை விரித்துக் குளிரைத் தடுப்பதைப் பார்த்து, அரைகுறைப் படிப்பின் கர்வத்தில் தான் சிரித்ததுண்டு என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஜெயமங்கலம், மேல்மங்கலம் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்களில் அகத்தி நட்டிருப்பார்கள். கொடி படரவும் வெயிலை மறைக்கவும் என்பார்கள். இரவில் அந்த அகத்தி இலைகள் வெல்ஸின் கைக்குட்டை வேலையையும் சேர்த்தே பார்க்கின்றன. தைமாதக் காலையில் நெல் வரப்பில் நடந்தால் முழங்கால்வரை நனையும். கொடிக்காலுக்குள் நுழைந்தால் கால் உலர்ந்தே இருக்கும்.

இந்தக் கதிர்வீச்சுக் குளிர்வை வைத்து நம் நாட்டில் ஒரு தொழிலே நடத்தினார்கள். அலகாபாத்தில் குளிர்கால இரவுகளில், ஆழமில்லாத குழிகளில் கரும்பையோ காய்ந்த சோளத்தட்டையையோ பரப்பி, அதன்மேல் மண்சட்டிகளில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். காற்று உறைநிலைக்கு மேலே இருக்கும்போதே விடியலுக்குள் தண்ணீரில் பனிக்கட்டி படிந்திருக்கும். ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேயர் 1775இல் இதை லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதி அனுப்பினார். அடியில் அவற்றைப் பரப்பியது தரைச்சூடு ஏறாமலிருக்க. மேலே மூடாமல் விட்டது எதற்கு என்பது இப்போது உங்களுக்கே தெரியும்.

இரண்டாம் நாள் இரவு நாங்களும் சோதனையில் இறங்கினோம். சின்னவள் வீட்டிலிருந்து நான்கு எவர்சில்வர் தட்டுகள் எடுத்து வந்தாள். புல்தரையில் ஒன்று, கண்மாய்க்கரை மேட்டில் ஒன்று, மாமரத்தடியில் ஒன்று, கூடார வாசலில் ஒன்று. விடிந்து பார்த்தால் அவமானம். புல்தரையில் வைத்த தட்டில்கூடப் பெரிதாக ஈரமில்லை, சுற்றிலும் புல் மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. தட்டுக்குப் பக்கத்தில் யாரோ மறந்து விட்டிருந்த நீலப் பிளாஸ்டிக் மூடியும் குளித்திருந்தது.

சோதனை தோற்றது என்று நினைத்தேன். உண்மையில் அது அதிகப்பிரசங்கித்தனமாக ஜெயித்திருந்தது. பளபளக்கும் உலோகம் கதிர் விஷயத்தில் கஞ்சன். சூட்டை வெளியே கொடுக்காது. மொய்ப் பணத்தை முடிந்துவைத்துக்கொள்ளும். கொடுக்காததால் குளிராது, குளிராததால் நனையாது. புல், துணி, பிளாஸ்டிக், மனிதத் தோல் எல்லாம் தாராளக் கைகள். மெருகேற்றிய உலோகத்தில் பனி அரிதாகவே கட்டும் என்று வெல்ஸும் குறித்திருக்கிறார். விஷயம் தெரிந்தவர்கள் கூடாரத்துக்கு மேலே வெள்ளிபோல் பளபளக்கும் தார்ப்பாய் கட்டுவதில் அர்த்தமிருக்கிறது.

உள்பக்க ஈரத்துக்கு மட்டும் வானத்தைக் குறை சொல்ல முடியாது. தூங்குகிற மனிதர் மூச்சிலும் தோலிலும் ஓசையில்லாமல் தண்ணீரை இழந்துகொண்டே இருக்கிறார். நான்கு பேர், எட்டு மணி நேரம், ஏறக்குறைய ஒரு லிட்டர். ஜிப்பை மூடியதும் அந்த ஒரு லிட்டருக்குப் போக்கிடம் இல்லை. குளிர்ந்துபோன கூரைத்துணியில் போய் ஒட்டியது. ஸ்காட்லாந்துக்காரர் ஜான் எய்ட்கன் 1885இல் காட்டிய இன்னொன்றும் இருக்கிறது. புல்லின்மேல் ஆழமில்லாத தட்டுகளைக் கவிழ்த்துவைத்தார். வெளிப்பக்கத்தைவிட உள்பக்கம் அதிகம் நனைந்திருந்தது. ஈர மண்ணிலிருந்து எழும் ஆவி உள்ளே சிக்கிக்கொண்டது. அடியில் விரிப்பில்லாத கூடாரம் என்பது எய்ட்கனின் கவிழ்த்த தட்டைத் தவிர வேறில்லை. புல்நுனியில் முத்து முத்தாக நிற்கிறதே, அதில் பல துளிகள் பனியே இல்லை, வேர் ஏற்றிய தண்ணீரைப் புல்லே கசியவிடுவது என்பதையும் அவர் சொன்னார். கவிஞர்கள் மன்னிக்க வேண்டும்.

சரி, கண்மாயை ஒட்டிப் படுத்தது எவ்வளவு தப்பு? இங்கே கொஞ்சம் நுணுக்கம் இருக்கிறது. தண்ணீர் சுலபத்தில் குளிராது. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி குளிரவைக்க எடுக்கவேண்டிய வெப்பம், ஒரு கிலோ காய்ந்த மண்ணுக்கு எடுக்கவேண்டியதைப்போல நான்கைந்து மடங்கு. அதோடு மேலே குளிர்ந்த தண்ணீர் கனத்து உள்ளே இறங்க, அடியிலிருந்து வெதுவெதுப்பானது மேலே வரும். ஆகவே விடியலில் கண்மாய்தான் ஊரிலேயே கதகதப்பான இடம். அதன் முகத்தில் புகை எழுவது அதனால்தான்: வெதுவெதுப்பான தண்ணீரிலிருந்து எழும் ஆவி மேலேயுள்ள குளிர்காற்றில் பட்டுப் பொடித்துளியாகிறது. குளிருக்குக் காரணம் கண்மாய்த் தண்ணீர் அல்லவென்றால், கரையோரம் ஏன் அப்படி நடுங்கியது?

கண்மாய் பள்ளத்தில் இருக்கிறது என்பதால். குளிர்ந்த காற்று சூடான காற்றைவிடக் கனமானது. தண்ணீர் மாதிரியே அதுவும் பள்ளம் தேடும். கொடைக்கானல் மலைச்சரிவு இரவில் தன் சூட்டை வானத்துக்குக் கொடுத்துக் குளிர்கிறது; சரிவைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றும் குளிர்ந்து, கனத்து, ஓடைவழியாக மெல்ல வழிகிறது. பகலில் இதற்கு நேர்மாறாக, வெயிலில் சூடான சரிவைத் தொட்டுக் காற்று மலையேறும். தேனியைச் சுற்றி மூன்று பக்கமும் மலை. பகலில் ஏறுவதும் இரவில் இறங்குவதுமாகப் பள்ளத்தாக்கே மூச்சுவிடுகிறது. இறங்கி வந்த குளிர்காற்று வயல் வழியே ஊர்ந்து, கண்மாய்க்கரை மறித்த இடத்தில் தேங்குகிறது. கண்மாய் வெட்டினவர்கள் தண்ணீர் தேங்கத்தான் இடம் பார்த்தார்கள்; குளிருக்கும் அது பொருந்திவிட்டது. கால்மாட்டில் குளிராகவும் சற்று மேலே போனால் சூடாகவும் இருக்கும் இந்த அடுக்குக்கு வெப்பநிலைத் தலைகீழ் என்று பெயர்.

நம்பிக்கையில்லாதவர்கள் ஜனவரியில் கொடைக்கானல் போய்ப் பார்க்கலாம். உறைபனிப் படங்கள் பத்திரிகைகளில் வரும்போது கவனியுங்கள்: பெரும்பாலும் ஏரியை ஒட்டின ஜிம்கானா, கீழ்பூமிப் பள்ளங்களில் எடுத்தவையாக இருக்கும். 1899இல் நிறுவப்பட்ட சூரிய வான்ஆய்வகம் ஏரியைவிட உயரத்தில் இருக்கிறது. மேலே போகப் போகக் குளிரும் என்ற பள்ளிக்கூடக் கணக்குப்படி உறைபனி அங்கேதான் முதலில் கட்டியிருக்க வேண்டும். தெளிந்த இரவில் பள்ளம் அந்தக் கணக்கை ஏமாற்றிவிடுகிறது.

இவ்வளவு தெரிந்துகொண்டபின் குளிர்காற்று எங்கே மிகக் குளிராக இருக்கும் என்று கேட்டால், தரையை ஒட்டித்தான் என்று யாரும் சொல்வார்கள். உலகமும் அப்படித்தான் நம்பியது. பாலக்காட்டில் பிறந்து, கல்கத்தாவில் சி.வி. ராமனிடம் பயின்று, இந்திய வானிலைத் துறையில் சேர்ந்த எல்.ஏ. ராம்தாஸ் அதை அளந்து பார்த்தார். அவரும் ஆத்மநாதனும் 1932இல் வெளியிட்ட முடிவு விசித்திரமாக இருந்தது. அமைதியான, தெளிந்த இரவில், புல்லில்லாத வெறுந்தரைக்கு மேலே மிகக் குளிர்ந்த காற்று தரையில் இல்லை. தரைக்குச் சில பத்து சென்டிமீட்டர் மேலே இருந்தது. அளவையில் பிழை என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. 1950களில் ஜெர்மனியைச் சேர்ந்த ராஷ்கே இந்தியாவுக்கே வந்து பூனாவில் அளந்தும் அதே முடிவுதான். இன்று அதை ராம்தாஸ் அடுக்கு என்கிறார்கள். தரைக்கு அடியிலிருந்து பகல் சூடு ஊறிக்கொண்டிருப்பதால் தரை அவ்வளவு குளிர்வதில்லை. அதற்குச் சற்று மேலேயுள்ள காற்று தானே நேரடியாக வானத்துக்குச் சூட்டைக் கொடுத்துவிடுகிறது. 1990களில் பெங்களூரில் ரோத்தம் நரசிம்மாவும் சகாக்களும் இதற்குக் கோட்பாடு எழுதினார்கள். காற்றில் மிதக்கும் பொடித்துகள்களுக்கும் இதில் பங்குண்டு என்று பின்னால் வந்த சோதனைகள் சொல்கின்றன. அறுபது எழுபது வருஷம் அறிவாளிகளைத் தலைசொறிய வைத்த உயரம், கிட்டத்தட்ட ஒரு கயிற்றுக் கட்டிலின் உயரம்.

வரும் தைக்கு இடம் முடிவாகிவிட்டது. புல்தரை வேண்டாம், கண்மாய்க்கரை மேடு காற்றோட்டத்துக்கு நல்லது, ஆனால் பிள்ளைகள் தூக்கத்தில் உருண்டால் ஒரு பக்கம் தண்ணீர். ஆகவே மேட்டை ஒட்டின மாந்தோப்பு. தென்னந்தோப்பு பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் பனிக்குப் பயந்து தேங்காய்க்குத் தலையைக் கொடுக்க முடியாது. மாமரம் பூக்கும் மாதம் என்பதால் தத்துப்பூச்சியின் பிசுபிசுப்பு கூடாரத்தில் சொட்டும். அதற்கு அந்த வெள்ளித் தார்ப்பாய். எதிரெதிர்ப் பக்கத்து ஜன்னல்களை அரையாவது திறந்துவைப்பது, அடியில் தடித்த விரிப்பு. கிளாம்பிங் விடுதிகள் சிலவற்றில் கூடாரத்துக்கு மேலே கீற்றுக்கொட்டகை போட்டிருப்பதைப் பார்த்து, இதென்ன கூரைக்குக் கூரை என்று கேலி செய்திருக்கிறேன். வெல்ஸ் சிரித்த அதே சிரிப்பு.

ஒரே தகராறு நட்சத்திரம். மரத்தடியில் நட்சத்திரம் தெரியாது என்கிறாள் சின்னவள். வானம் தெரிகிற இடத்தில் வானத்துக்கும் நம்மைத் தெரியுமே என்றேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. பத்து மணிவரை கரைமேட்டில் பாய் விரித்துப் பார்ப்பது, தலையில் துண்டு கட்டியிருக்க வேண்டும், பிறகு தோப்புக்குள் வந்துவிடுவது என்று அப்பத்தா தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். மூத்தவன் இரண்டு வெப்பமானி வாங்கி வைத்திருக்கிறான். ஒன்றைக் களத்துமேட்டு வெறுந்தரையில் வைப்பானாம், இன்னொன்றை அங்கேயே கயிற்றுக் கட்டிலின் கால்மாட்டில் கட்டுவானாம். அந்தக் கட்டிலில் யார் படுப்பது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.